பத்தடி தள்ளி நின்று

கட்டுத்தாரைக்குள் நுழைந்ததும் மாட்டின் மேல் கை வைக்காதே, பத்தடி தள்ளி நில் என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் சொல்வேன். ஸ்டெதாஸ்கோப்பும் தெர்மாமீட்டரும் பைக்குள்ளேயே இருக்கட்டும். நாலு காலிலும் சமமாக எடை போட்டு நிற்கிறதா, முதுகு நேராக இருக்கிறதா, காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, மூச்சு விலாவில் ஓடுகிறதா வயிற்றில் ஓடுகிறதா என்று பார். அசை போட்டால் எத்தனை மெல்லுக்கு ஒரு தரம் விழுங்குகிறது, அடுத்த கவளம் மேலே வர எத்தனை நேரம் ஆகிறது என்று பார். பக்கத்து மாடு இதைத் தன் தீனியில் வாய் வைக்க விடுகிறதா, முட்டித் தள்ளுகிறதா என்றும் பார். நல்ல மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். அது நின்றுபோனது காய்ச்சலுக்கு முன்பே தெரிந்துவிடும்.

இதற்குக் காரணம் உண்டு. ஆடும் மாடும் லட்சக்கணக்கான ஆண்டுகள் வேட்டை விலங்குக்கு இரையாக இருந்த இனங்கள். மந்தையில் நொண்டுவது எது, பின்தங்குவது எது என்று பார்த்துத்தான் ஓநாய் பாயும். அதனால் வலியை மறைப்பது அவற்றின் உடம்போடு வந்த பழக்கம். புதிய ஆள் ஒருவன் மருந்து வாடையோடு பக்கத்தில் வந்தால் தொங்கிய தலை நிமிரும், நொண்டிய கால் தரையில் ஊன்றும். அந்த நேரத்தில் நாடி பிடித்தால் நம் விரலுக்குக் கிடைப்பதில் பாதி பயத்தின் துடிப்புதான்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985ல் தொடங்கப்பட்டது. அதன் ஆரம்ப ஆண்டுகளில் படித்தவன் நான். பிறகு கால்நடை உதவி மருத்துவராகக் காங்கயம், வெள்ளகோவில், அந்தியூர், பொள்ளாச்சி என்று கொங்கு நாட்டுக்குள்ளேயே சுற்றினேன். நோயின் பெயரும் மருந்தின் அளவும் கல்லூரி கொடுத்தவை. மாட்டைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பெண்கள். ஆண்கள் சந்தைக்கும் பால் சொசைட்டிக்கும் போய்விட, வெடியால எழுந்து சாணி அள்ளி, சோளத்தட்டுப் போட்டு, தண்ணி காட்டி, மடி கழுவிப் பால் கறப்பவர்கள் அவர்கள். மாட்டின் ஒவ்வொரு பழக்கமும் அவர்களுக்குத் தெரியும். "மாடு ஒரு மாதிரியா இருக்குதுங்" என்று ஒரு அம்மா சொன்னால், அதை நான் ஒரு பரிசோதனை முடிவைப் போல எடுத்துக்கொள்வேன். அடுத்து நான் கேட்பது ஒரே கேள்விதான்: "நேத்து இல்லாத எது இன்னைக்கு இருக்குதுங்க?"

வெள்ளகோவில் பக்கம் ஒரு ஆத்தா அந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலை இன்றும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். "தீனி எடுக்குதுங். பாலு ஒரு லிட்டர் கொறஞ்சிருக்குது, அவ்வளவுதானுங். ஆனா கொறங்காட்டுல இருந்து பொழுதோட ஓட்டிட்டு வாரப்ப பள்ளத்துல எறங்கமாட்டேங்குதுங். சுத்திக்கிட்டு மேட்டு வழியாத்தான் வருது."

சூடு பார்த்தேன், சற்றே கூடுதல். வேறெதுவும் பெரிதாக இல்லை. ஆனால் மாடு பள்ளத்தில் இறங்க மறுக்கிறது என்றால் முன்வயிற்றில் ஏதோ குத்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும். மாடு தீனியைச் சரியாக மெல்லாமல் விழுங்கி, பிறகுதான் அசை போடுகிறது. தட்டோடு போன கம்பித் துண்டும் ஆணியும் கனம் காரணமாக இரண்டாவது இரைப்பையில் தங்கிவிடும். தேன்கூட்டைப் போல அறை அறையாக இருக்கும் அந்தப் பைக்குச் சற்று முன்னால்தான் உதரவிதானம், அதற்கு அப்பால் இருதயம். மாடு சரிவில் இறங்கும்போது வயிற்றின் பாரம் முழுவதும் முன்னால் சாய, கம்பி இன்னும் கொஞ்சம் ஏறும். அதனால் முன்காலை மேட்டில் வைத்து நிற்கப் பார்க்கும். முழங்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கும். படுக்கும்போது முனகும்.

அந்த மாட்டின் திமிலுக்குப் பின்னால் முதுகுத்தோலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். நல்ல மாடு அப்படிப் பிடித்தால் முதுகைக் கீழே நெளிக்கும். இது நெளிக்கவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல முனகியது. நாமக்கல்லுக்கு அனுப்பினோம். வயிற்றைத் திறந்து எடுத்தபோது வந்தது விரல் நீளக் கட்டுக்கம்பி. தாடைக்குக் கீழும் நெஞ்சிலும் நீர் கோத்து, கழுத்து நரம்பு புடைத்த பிறகு வரும் மாடுகளை எங்களால் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை. கம்பி அப்போது இருதயத்தின் உறையைத் தொட்டிருக்கும். கோவை, திருப்பூர் ஊரோரங்களில் பட்டறையும் கட்டட வேலையும் பெருகிய பிறகு இந்த நோயை அதிகமாகப் பார்த்தேன். பள்ளத்தில் இறங்காத மாட்டைக் கவனித்துச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருந்தால் போதும், மாடு பிழைத்துக்கொள்ளும்.

வலியை மாட்டின் முகத்தில் படிக்கலாம் என்று இப்போது ஆராய்ச்சியாளர்களும் எழுதுகிறார்கள். டென்மார்க்கில் 2015ல் கறவை மாடுகளின் வலி முகத்தை விவரித்தார்கள்: காது பின்னுக்கோ கீழுக்கோ போகும், கண்ணுக்கு மேல் தசை இறுகும், மூக்குத்துளை விரியும். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் செம்மறி ஆட்டின் முகத்துக்கு ஓர் அளவுகோலே செய்தார்கள். படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. எங்கள் பக்கம் பட்டி ஆடு மேய்ப்பவர்கள் காதையும் கண்ணையும் பார்த்து ஒதுக்கி நிறுத்தும் ஆடுதான் மறுநாள் மருந்தகத்துக்கு வரும். அந்த அறிவுக்கு ஒரு வடிவம் கிடைத்துவிட்டால் கல்லூரியில் சொல்லித்தர முடியும். தாத்தாவோடு மேய்ச்சலுக்குப் போகாத நகரத்துப் பிள்ளையும் கற்றுக்கொள்ள முடியும்.

உயிர் போகும் விஷயம் ஒன்றை இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். "மாடு தொண்டையில என்னமோ மாட்டிக்கிட்டு நொப்பும் நுரையுமா ஊத்துதுங்க, கையை விட்டுப் பாத்தோமுங்க, ஒண்ணும் தட்டுப்படலீங்க" என்று வரும் அழைப்பு. பொள்ளாச்சி தென்னந்தோப்புகளில் இது பழகிய அழைப்பு. தேங்காய்ச் சில்லோ மாங்கொட்டையோ சிக்குவது உண்மையாகவே நடக்கும். ஆனால் வெறிநோய் வந்த மாடும் இதே கோலத்தில்தான் நிற்கும். விழுங்கும் தசை செயலிழக்க, எச்சில் வழிந்துகொண்டே இருக்கும்.

இரண்டையும் நான் பிரித்தறிவது தூரத்தில் நின்றுதான். தொண்டையில் சிக்கிய மாடு கழுத்தை நீட்டி இருமும், எக்கும், தவிக்கும், வயிறும் உப்பும். மற்றபடி அது பழைய மாடுதான், வீட்டுக்காரரை அடையாளம் கண்டுகொள்ளும். வெறிநோயில் மாட்டின் குணமே மாறிவிடும். குரல் கரகரத்து, கத்தல் கடைசியில் உடைந்து இழுபடும், நிற்காமல் கத்தும். வால் துவண்டு தொங்கும். சாணி வராமல் முக்கிக்கொண்டே இருக்கும். சில மாடு பக்கத்து மாட்டின் மேல் ஏறப் பார்க்கும். அதைப் பருவம் என்று நினைத்துச் சினை ஊசிக்கு ஆள் அனுப்புவதும் உண்டு. சாதுவான மாடு முட்டவரும், முரட்டு மாடு சோர்ந்து நிற்கும். நாய் கடித்ததை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். கடித்து வாரங்களோ மாதங்களோ ஆகியிருக்கலாம், வடுவும் ஆறியிருக்கும்.

ஒரு தோப்பில் அந்தக் கத்தலை நான் வேலிக்கு வெளியிலேயே கேட்டேன். வீட்டுக்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வாய்க்குள் மறுபடி கை விடத் தயாராக நின்றார். "அண்ணா, தொடாதீங்க, இக்கட்டால வாங்க" என்று கூப்பிட்டு நிறுத்தினேன். மாடு சில நாளில் செத்துப்போனது. மூளை மாதிரியைப் பரிசோதித்ததில் வெறிநோய் என்று உறுதியானது. அதற்குள் அந்த வீட்டிலும் பக்கத்துச் சாளையிலும் எச்சில் பட்ட எல்லோரும் அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்கியிருந்தார்கள். வெறிநோய் அறிகுறி காட்டிவிட்ட மனிதரைக் காப்பாற்ற மருத்துவத்திடம் வழியில்லை. எச்சில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவதும் அன்றே ஊசியைத் தொடங்குவதும்தான் காப்பு. எச்சில் வழியும் மாட்டின் வாயில் வெறும் கையை விடாதீர்கள். இதை எந்த மேடையிலும் சொல்லத் தயங்கமாட்டேன்.

நோயைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, மருந்து உடம்புக்குள் போக வேண்டும். அதற்கும் மாட்டின் புத்தி தெரிய வேண்டும். மாட்டின் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. ஏறக்குறைய 330 பாகை அளவுக்கு அது சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கிருந்து வருபவனைத்தான் உதைக்கும். தரையில் விழும் நிழலுக்கும் பள்ளத்துக்கும் அதற்குச் சட்டென்று வித்தியாசம் தெரியாது. அதனால் நிழல்கோடு விழுந்த வாசலில் கால் வைக்கத் தயங்கும். தோளுக்குப் பின்னால் நாம் நின்றால் முன்னே நடக்கும், தோளுக்கு முன்னால் போனால் பின்வாங்கும். அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற பெண்மணி, ஆட்டிசத்தோடு வளர்ந்தவர், மாடு போகும் பாதையில் தானே குனிந்து நடந்து அதன் கண் மட்டத்திலிருந்து பார்த்தார். தொங்கும் சங்கிலியும் பளிச்சென்ற தகரமும் மாட்டை மிரட்டுவதைக் கண்டார். வளைந்த பாதைகளை வடிவமைத்து அந்த நாட்டுப் பண்ணைகளின் முறையையே மாற்றினார்.

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குப் போனால் இந்தப் பாடத்தை நேரில் பார்க்கலாம். காங்கயம் காளைகள் வரிசை வரிசையாக நிற்கும். பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறி, திமிலும் கழுத்தும் கறுத்து முதிர்ந்த காளைகள். அத்தனை கூட்டத்திலும் ஒருவர் காளையைச் சத்தமில்லாமல் நடத்திவருவார். கயிறு தளர்ந்தே இருக்கும். கையை அதன் கழுத்தடியில் வைத்தபடி, தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டே வருவார். அந்த ஆள் பிடித்தால் எவ்வளவு பெரிய காளைக்கும் நான் ஊசி போட்டுவிடுவேன். பத்துப் பேர் கயிறு கட்டி இழுக்கும் காளையிடம் போகமாட்டேன். இழுத்துக் கட்டி ஒரு முறை ஊசி போட்டுவிடலாம்தான், ஆனால் அடுத்த முறை மருத்துவரின் வண்டிச் சத்தம் கேட்டதுமே அந்தக் காளை மிரளும். மாட்டுக்கு ஆளின் முகமும் உடுப்பும் நினைவிருக்கும்.

அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் இன்னொரு விதம். செந்நிறத்தில் வெள்ளைத் திட்டு கொண்ட பர்கூர் மாடுகள் காட்டில் மேய்ந்து பட்டியில் அடைபவை. தெரியாதவன் அருகே போக முடியாத வேகமும் ரோஷமும் அவற்றுக்கு உண்டு. கோமாரித் தடுப்பூசிக்கு நாங்கள் பொழுது விடியுமுன், படலைத் திறப்பதற்கு முன்பே பட்டிக்குப் போய்விடுவோம். வெள்ளைக் கோட்டு கிடையாது. மேய்ப்பவர் முன்னால் நின்று அவர் வழக்கமாகக் கொடுக்கும் குரலைக் கொடுப்பார். மாடுகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். நெருங்கி நிற்பதுதான் அவற்றுக்குத் தைரியம். அந்த நெருக்கத்துக்குள் பக்கவாட்டில் போய் ஊசியைப் போட்டுவிட்டு வருவோம். ஒரு மாட்டைத் தனியே பிரித்தால் அன்றைய வேலை கெட்டது.

கறவையிலும் பயம்தான் முதல் பகை. கன்று முட்டியதும் மூளையிலிருந்து சுரக்கும் ஆக்ஸிடோசின் ஒரு நிமிடத்துக்குள் மடிக்கு வந்து பாலை இறக்குகிறது. அது வேலை செய்வது சில நிமிடம்தான். அந்த நேரத்தில் அடித்தால், கத்தினால், புது ஆள் வந்து உட்கார்ந்தால், பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அதைத் தடுத்துவிடும். மாடு பாலை அடக்குகிறது என்று திட்டுகிறோம். உண்மையில் அதன் கையில் எதுவும் இல்லை. இதற்காகத் தினமும் ஊசி போட்டுக் கறப்பவர்களை நான் கடுமையாகக் கண்டித்திருக்கிறேன், இன்னமும் கண்டிப்பேன். காங்கயம் பசுவுக்குக் கன்று பக்கத்தில் நிற்க வேண்டும், அதே கை கறக்க வேண்டும். அவ்வளவுதான் அது கேட்பது.

சினை பிடிக்கவில்லை என்று வரும் மாடுகளில் பலவற்றுக்குக் கருப்பையில் கோளாறே இருக்காது. பருவத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பருவம் நீடிப்பது அரை நாளோ சற்றுக் கூடவோதான். அதன் உறுதியான அடையாளம் மற்ற மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்பது. நாள் முழுக்கக் கட்டிப்போட்ட மாடு எப்படி ஏறும், எப்படி நிற்கும்? வெடியாலயும் பொழுதோடவும் அரை மணி நேரம் அவிழ்த்துவிட்டுப் பாருங்கள் என்று சொல்வேன். கண்ணாடி மாதிரி வழும்பு, ராத்திரிக் கத்தல், திடீரெனக் குறைந்த பால் இவற்றையும் குறித்து வைக்கச் சொல்வேன். காலையில் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. எருமைக்கு இன்னும் கூர்மையான கண் வேண்டும், அது ஊமைப் பருவத்துக்குப் பேர்போனது.

பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணையில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளில் எந்த ஒன்றையும் தனியே சோதிக்க முடியாது. அங்கே கூட்டத்தின் நடத்தைதான் நோயாளி. முதல் வாரத்தில் குஞ்சுகள் சூடு தரும் புரூடருக்கு அடியில் குவிந்து கீச்சிட்டால் குளிர், விலகி ஓரம் போய் வாய் திறந்து மூச்சு விட்டால் சூடு, ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று வீசுகிறது. தரையில் விரித்த தேங்காய் மஞ்சி முழுக்கப் பரவலாக மேய்ந்தும் தூங்கியும் கிடந்தால் எல்லாம் சரி. தெர்மாமீட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு தரம் போய் நின்று பார்க்கும் பண்ணைக்காரருக்குத்தான் குஞ்சு சாவதில்லை.

யானைக்கு வருகிறேன். இந்து சமய அறநிலையத் துறை 2003ல் முதுமலையில் கோயில் யானைகளுக்கான நலவாழ்வு முகாமைத் தொடங்கியது. பின்னாளில் பல ஆண்டுகள் அது மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில், பவானிக் கரையில், 48 நாட்கள் நடந்தது. அங்கே போய் நின்றபோதெல்லாம் என் கண் முதலில் தேடியது யானைகளின் தலையாட்டலை. கோயில் வாசலில் சங்கிலியில் நிற்கும் யானை ஓயாமல் தலையை ஆட்டுவதையும் உடம்பை இருபுறமும் அசைப்பதையும் பக்தர்கள் நாதஸ்வரத்துக்கு ஆடுவதாக நினைத்து மகிழ்கிறார்கள். அது ஆட்டமில்லை. நடக்க இடமும் பழகத் துணையும் இல்லாத விலங்கு, வேறு வழியில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு. மிருகக்காட்சி சாலைக் கரடி கூண்டுக்குள் ஒரே தடத்தில் நடப்பதும் இதே வகை. முகாமில் ஆற்றில் குளித்து, காலையிலும் மாலையிலும் நடந்து, இன்னொரு யானையின் வாயில் தும்பிக்கையை வைத்து விசாரித்துக்கொண்ட யானைகளிடம் அந்த ஆட்டம் குறைந்ததை நான் பார்த்தேன். எந்த மருந்தும் இதைச் செய்யாது. ஆண்டில் 48 நாள் போதுமா என்றால் போதாது என்பதே என் கருத்து.

யானை மருத்துவத்தில் எங்கள் எல்லோருக்கும் முன்னோடி டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, 'டாக்டர் கே'. முதுமலையிலும் ஆனைமலையிலும் வனத்துறை மருத்துவராக இருந்து 2002ல் மறைந்தவர். முகாம் யானைகளைப் பாகர்களோடு நின்று பார்த்துப் பார்த்துப் பழகியவர். டாப்சிலிப்பில் கோழிகமுத்தி முகாமின் மலசர் பாகர்களிடம் நானும் கொஞ்சம் கேட்டுக்கொண்டேன். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் மதநீர் வழியுமுன்பே கொம்பன் யானை உணவை எடுக்கும் விதத்திலும், கட்டளைக்குக் கால் தூக்க எடுத்துக்கொள்ளும் நேரத்திலும் மாற்றத்தைக் கண்டுவிடுவார்கள். அந்த நாட்களில் பாகர் வேண்டாம் என்றால் எந்த மருத்துவரும் காயத்துக்கு மருந்து போடப் பக்கத்தில் போகமாட்டார்.

ஓய்வுக்குப் பிறகு கோவையில் ஒரு நண்பரின் மருத்துவமனையில் வாரத்தில் சில நாள் உட்காருகிறேன். வயதான தோட்டத்து நாய் ஒன்று திடீரென்று வீட்டுப் பிள்ளையைப் பார்த்து உறுமினால், அதன் காதையும் பல்லையும் இடுப்பையும் பாருங்கள் என்று இளைஞர்களிடம் சொல்கிறேன். கோபம் என்று கொண்டுவரும் நாய்களில் கணிசமானவை வலியோடு வருபவை. ஆனால் மேஜைமேல் ஏற்றிய நாய் பயத்தில் எதையும் காட்டாது. இங்கேதான் கைபேசி பெரிய உதவியாக வந்திருக்கிறது. நான் இல்லாதபோது விலங்கு எப்படி இருக்கிறது என்பதை நான் பார்க்க முடிகிறது. அந்தக் காலத்தில் எனக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

அதனால் இப்போது யார் அழைத்தாலும், அவசரம் இல்லையென்றால், முதலில் வீடியோ அனுப்பச் சொல்கிறேன். முகத்துக்கு நேரே போய் எடுக்காதீர்கள், பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். நாலு குளம்பும் தெரியட்டும். பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், தட்டு காட்டாதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா நிற்பது, பிறகு படுத்து எழுவது, பிறகு சமதரையில் நடப்பது, முடிந்தால் சரிவில் இறங்குவது. எடுப்பவர் தினமும் பால் கறக்கும் ஆளாக இருந்தால் நல்லது. மாடு அவரைக் கண்டு தன்னை மறைத்துக்கொள்ளாது.